மூன்றாம் இலக்கம்

இது ஏழாவது தவணை.
வாங்கில் என்னோடு இருப்பவர்கள்
வலை வெட்டின வழக்கு, காணி வழக்கு,
ஒரு பொடியன், சைக்கிள் களவு.
என் முறை வந்தால் வாசலில் நின்று கூப்பிடுவது
“அலாரம்காரன்.”
எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நஜ்முதீன்.
கிண்ணியா, பெரியாற்றுமுனை.

டைக் வீதி வீடு அது.
பின்மதில் தாண்டினால் மணல், மணல் தாண்டினால் கடல்.
உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடுமென்று
ஒவ்வொரு முனைக்கும் கிறீஸ் பூசினேன்.
கதவுக்கு ஒன்று, ஜன்னலுக்கு நான்கு,
முற்றத்துக்கு அசைவு பார்க்கும் கண்.
மெற்றில்டா அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
துறைமுகக் கணக்குப் பகுதியில் முப்பது வருடம்.
என் பில்லில் ஐம்பது சதம் கூடவென்று
திருப்பித் தந்தவர்.

இலக்கம் ஒன்று அவருக்கு.
இரண்டு மெல்பேர்னில் இருக்கும் தம்பிக்கு.
“மூன்று?”
“அது ஒராளுக்கு.”
அழுத்திக் காட்டச் சொன்னார், பிறகு தானே அழுத்தினார்.
தொழில் மரியாதை என்று ஒன்று உண்டே,
நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மான்கள்.
இந்த ஊரில் மானுக்கு வேலி ஏது?
கோட்டையடியிலிருந்து இறங்கி
பஸ் நிலையத்தில் பொலித்தீன் தின்று
சாமத்தில் அவர் முற்றத்துச் செவ்வரத்தைக்கு வரும்.
கண் பார்க்கும். சைரன் கத்தும்.
ஓகஸ்ட்டில் பதினொரு இரவு.
கைக்குழந்தை இருக்கென்று
பக்கத்து வீட்டுத் தனிஸ்லாஸ் பொலிசுக்கே போனார்.
“தம்பி, முற்றத்தை மட்டும் அணைச்சு விடுங்கோ.
மான் தானே, வரட்டும்.”
அணைத்தேன். கூலி வாங்கவில்லை.
அதையும் எழுதிக்கொண்டார்கள்:
ஏன் வாங்கவில்லை?

பெட்டிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

22:40 பூட்டப்பட்டது. இலக்கம் ஒன்று.
02:13 முன்கதவு.
02:13 அணைக்கப்பட்டது. இலக்கம் மூன்று.
02:51 முன்கதவு.
02:52 பூட்டப்பட்டது. இலக்கம் மூன்று.

அணைத்தால் இரண்டு சின்னச் சத்தம் வரும்.
தனிஸ்லாஸ் அதைக் கேட்டிருக்கிறார்.
“வீட்டாள் ஆரோ வந்திட்டினம் எண்டு நினைச்சன்.
திரும்பிப் படுத்திட்டன்.”
அவரில் பிழையில்லை. அதன் அர்த்தம் அதுதான்.
மான் காலத்தில் மதிலடியில் நின்று
நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

வந்தவர் வீட்டைப் பத்திரமாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
அக்கா உள்ளே.
இரண்டு பகல் அந்த வீட்டை
என் அலாரம் காவல் காத்தது.
மூன்றாம் நாள் பொலிஸ் கதவை உடைத்தபோது
ஒரு மனிதரைப் பார்த்து
முதன்முதலாகக் கத்தியது.
நிறுத்தத் தெரியாமல் எனக்குப் போன் எடுத்தார்கள்.
அப்படித்தான் நான் போனேன்.
அப்படித்தான் கண்டேன்.

இன்ஸ்பெக்டர் தமிழில் கேட்டு சிங்களத்தில் எழுதினார்.
பூட்டினவனுக்குத் தனி இலக்கம் உண்டா?
உண்டு. பூச்சியம்.
அன்றிரவு எங்கே?
மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது.
மூன்று யார்?
பெட்டிக்கு ஆட்களைத் தெரியாது சேர்,
எண்களைத்தான் தெரியும்.
அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
பேனை அசையவில்லை.

இன்றும் தள்ளிவைத்தாயிற்று. பெப்ரவரி இருபத்தாறு.
பஸ்ஸுக்கு நேரமிருந்தது, டைக் வீதியால் நடந்தேன்.
கேற்றில் முத்திரை.
கரண்ட் வெட்டிய வீட்டுக்குள்
நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு பீப்,
பற்றரி இறங்கும் சத்தம்.
சான்றுப்பொருள், தொடக்கூடாது என்பது உத்தரவு.
செவ்வரத்தைக்குக் கீழே ஒரு பெண்மான்,
ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு காதை மட்டும் திருப்பி
தின்றுகொண்டு நின்றது.

மதிலுக்கு மேலால் தனிஸ்லாஸ்:
“தம்பி, இது எப்ப நிக்கும்?”
பற்றரி செத்தால், என்றேன்.